வாளி காலியாக வந்தாலும்

இந்த மாதம் வந்த கடிதங்களில் பல ஒரே வலியைச் சொல்கின்றன: ஜெபிக்கிறேன், உள்ளே ஒன்றும் அசையவில்லை. மற்றக் கேள்விகளை அடுத்த இதழுக்கு வைத்துவிட்டு, இந்த இதழை முழுக்க அந்த ஒன்றுக்கே கொடுத்துவிட்டேன். பெயர் போட வேண்டாம் என்று பலர் கேட்டிருந்தார்கள். ஆகவே ஊர் மட்டும்.

பாளையங்கோட்டை வாசகி: முன்பெல்லாம் முழங்கால் போட்டாலே கண்ணீர் வரும். இப்போது எட்டு மாதமாகச் சுவரோடு பேசுவது போல இருக்கிறது. ஆண்டவர் என்னை விட்டுப் போய்விட்டாரா?

இல்லை. போனது கண்ணீர். கண்ணீரும் ஆண்டவரும் ஒன்றல்ல. எட்டு மாதம் சுவரோடு பேசிய யாராவது மறுநாளும் அதே இடத்தில் வந்து முழங்கால் போடுவார்களா? நீங்கள் போடுகிறீர்களே! உங்களை அங்கே கொண்டுவந்து நிறுத்துவது எதுவோ, அதற்குத்தான் விசுவாசம் என்று பெயர்.

நாகர்கோவில் வாசகர்: விசுவாசம் என்பதே உள்ளத்தில் தோன்றுகிற உணர்வுதானே? உணர்வு போனால் விசுவாசமும் போனது என்றுதானே அர்த்தம்?

உங்கள் சபையின் ஞானஸ்நானப் பதிவேட்டைத் திறந்து பாருங்கள். உங்கள் பெயரும் தேதியும் இருக்கும். நீங்கள் உற்சாகமாக இருக்கும் நாளில் அந்த மை பளிச்சிடுவதில்லை, சோர்ந்த நாளில் மங்குவதும் இல்லை. மார்ட்டின் லூத்தர் கடுமையான மனப்போராட்டங்களில் புரண்டவர். அவர் 1529-இல் எழுதிய பெரிய ஞானோபதேசத்தில், மனச்சாட்சி நெருக்கும் வேளையில் நெஞ்சுக்குள் துழாவிப் பார்க்கச் சொல்லவில்லை. நான் ஞானஸ்நானம் பெற்றவன் என்று எதிர்த்துச் சொல்லச் சொன்னார். உள்ளே என்ன தோன்றுகிறது என்பது மணிக்கு மணி மாறும். தேவன் செய்த காரியம் நமக்கு வெளியே, நம்மைக் கேட்காமலே நிற்கிறது. விசுவாசம் சாய்ந்துகொள்வது அதன் மேல்.

ஆம்பூர் வாசகர்: உணர்வே இல்லாமல் ஜெபிப்பது மாய்மாலம் ஆகாதா?

இல்லாததை இருப்பதாகக் காட்டினால் மாய்மாலம். "ஆண்டவரே, எனக்குள் ஒன்றுமில்லை" என்று சொன்னால் அது உண்மை. 88-ஆம் சங்கீதத்தை ஒருமுறை முழுதாக வாசியுங்கள். புலம்பல் சங்கீதங்களில் பெரும்பாலானவை எங்காவது ஓரிடத்தில் திரும்பி, நம்பிக்கையிலோ துதியிலோ போய் முடியும். இது திரும்புவதே இல்லை. எபிரெயத்தில் அதன் கடைசிச் சொல்லே இருளைக் குறிப்பதுதான். அப்படிப்பட்ட ஒன்றை யாரும் ஒளித்துவைக்கவில்லை. வேதத்தின் ஜெபப் புத்தகத்துக்குள்ளேயே, பாடச் சொல்லி வைத்திருக்கிறார்கள். அந்த மனிதர் தம் இருட்டைக்கூட ஆண்டவரிடம்தான் சொல்கிறார், கவனித்தீர்களா?

சிவகாசி வாசகர்: ஜெப நேரத்தில் கடிகாரத்தையே பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

அவிலா தெரேசாளும் அப்படித்தான். ஜெப அறைக்குள் நுழையும்போதே மனம் கனத்துப்போகும் என்றும், மணி எப்போது அடிக்கும் என்று காது கொடுத்துக் காத்திருந்த வருஷங்கள் உண்டு என்றும் அவரே எழுதியிருக்கிறார். ஜெபத்தைப் பற்றி எழுதியதற்காகவே உலகம் கொண்டாடும் பெண். 1970-இல் கத்தோலிக்கத் திருச்சபை மறைவல்லுநர் என்று அறிவித்த முதல் பெண்ணும் அவரே. மணி அடிக்கும்வரை எழுந்து போகாமல் இருந்தார் பாருங்கள், அதைச் செய்யுங்கள்.

ஒட்டன்சத்திரம் வாசகர்: நான் விவசாயி. வறட்சி என்றால் எனக்குத் தெரியும். ஆத்துமத்தின் வறட்சிக்கு என்ன செய்வது என்றுதான் தெரியவில்லை.

ஐயா, தெரேசாளை இன்னும் கொஞ்ச நேரம் நம்மோடு இருக்கச் சொல்வோம். அவருக்குக் கிணறும் வாய்க்காலும் தெரியும். தம் வாழ்க்கை வரலாற்றின் 11-ஆம் அதிகாரத்தில் ஜெபத்தைத் தோட்டத்துக்குத் தண்ணீர் பாய்ச்சுவதோடு ஒப்பிடுகிறார். கிணற்றில் வாளியை விட்டுக் கையால் இறைப்பது ஒரு வகை, முதுகு ஒடியும். சக்கரம் கட்டி இறைப்பது அடுத்தது; நம் கமலையைப் போல உழைப்புக் குறைவு, தண்ணீர் அதிகம். ஆற்றிலிருந்தோ ஓடையிலிருந்தோ பாய்ச்சுவது மூன்றாவது. நான்காவது மழை. அதில் தோட்டக்காரனுக்கு வேலையே இல்லை.

இந்த உவமையைச் சொல்கிறவர்கள் பெரும்பாலும் மழையில் போய் நின்றுவிடுவார்கள். எனக்கு நெஞ்சில் தைப்பது கிணற்றடிதான். வாளியை இறக்குகிறோம், காலியாக மேலே வருகிறது. மறுபடி இறக்குகிறோம், மறுபடி காலி. சில நாள் கையைத் தூக்கவே தெம்பில்லை. அப்போது தோட்டக்காரன் என்ன செய்வான்? தன் சந்தோஷத்துக்காக அல்ல, தோட்டத்தின் சொந்தக்காரருக்காகத்தானே இந்த வேலைக்கு வந்தோம் என்று நினைத்து வாளியை இறக்கிக்கொண்டே இருப்பான் என்கிறார். தண்ணீர் என்று தாம் சொல்வது கண்ணீரையும், கண்ணீர் இல்லாவிட்டால் உள்ளம் உருகும் அந்த உணர்வையும்தான் என்று விளக்கியும் வைக்கிறார். அந்தத் தண்ணீர் இல்லாமலே பூக்களை உயிரோடு காக்கச் சொந்தக்காரருக்குத் தெரியுமாம். பதினாறாம் நூற்றாண்டு ஸ்பெயினில் ஒரு பெண் இதைச் சொல்லியிருக்கிறார். இதைவிடத் தெளிவாக எனக்குச் சொல்லத் தெரியவில்லை.

என் பங்குக்கு ஒன்று சேர்க்கிறேன், நீங்கள் விவசாயி என்பதால். கண்மாயை எப்போது தூர் வாருவீர்கள்? தண்ணீர் தளும்பி நிற்கும்போதா? தரை தெரியும்போதுதானே அடியில் என்ன மண்டிக்கிடக்கிறது என்று தெரிகிறது. ஜெபம் இனித்த காலத்தில் நான் ஆண்டவரைத் தேடினேனா, அந்த இனிப்பைத் தேடினேனா என்ற கேள்வி எனக்கு வந்ததே இல்லை. வறண்டபோதுதான் வந்தது. கோடையில் வெட்டியெடுத்த வண்டல் வயலுக்கு எருவாகும் என்பது என்னைவிட உங்களுக்கு நன்றாகத் தெரியும்.

மார்த்தாண்டம் வாசகி: மறைவான பாவம் இருப்பதால்தான் இந்த வறட்சி என்று ஓர் ஊழியர் சொன்னார். யோசித்து யோசித்துப் பழைய பாவங்களையெல்லாம் அறிக்கையிட்டுவிட்டேன். ஒன்றும் மாறவில்லை.

அவர் மூன்றில் ஒன்றைச் சொல்லி இரண்டை விட்டுவிட்டார். இலொயோலா இஞ்ஞாசியார், 1548-இல் அச்சான தம் ஆன்மிகப் பயிற்சி நூலில், ஆறுதல் அற்றுப்போவதற்கு மூன்று காரணங்களைச் சொல்கிறார். முதலாவது நம் அசட்டை: ஜெபத்தை நாமே கைவிட்டிருப்போம். இரண்டாவது, ஆறுதல் என்ற கூலி கிடைக்காதபோதும் எவ்வளவு தூரம் வருவோம் என்று பார்க்கப்படுகிறது. மூன்றாவது, அந்த இனிமை நம் சம்பாத்தியம் அல்ல, கொடை என்று நமக்கு உறைப்பது.

முதல் காரணம் உங்களுக்குப் பொருந்துகிறதா என்று ஒருமுறை நேர்மையாகப் பாருங்கள். பார்த்துவிட்டீர்கள், அறிக்கையும் செய்துவிட்டீர்கள். போதும். மன்னிக்கப்பட்டதை மறுபடி தோண்டுவது மனந்திரும்புதல் ஆகாது. யோபுவிடமும் நண்பர்கள் இதையேதான் சொன்னார்கள்: நீ ஏதோ செய்திருக்கிறாய். முடிவில் தேவனுடைய கோபம் யார் மேல் வந்தது என்று அந்தப் புத்தகத்தின் கடைசி அதிகாரத்தில் பாருங்கள்.

கோயம்புத்தூர் வாசகர்: எங்கள் சபையில் ஆராதனை உயிரற்றுப்போய்விட்டது. வேறு சபைக்கு மாறலாமா?

வறட்சியில் இருக்கும்போது, முன்பு எடுத்த முடிவை மாற்றாதே என்பது அதே இஞ்ஞாசியாரின் இன்னொரு விதி. முதலில் உயிரற்றுப்போனது ஆராதனையா, நீங்களா என்று தெரியட்டும். ஈரம் திரும்பிய பிறகும் இதே கேள்வி மனத்தில் இருந்தால், அப்போது எழுதுங்கள்.

தூத்துக்குடி வாசகர்: அன்னை தெரசாவுக்கே கடவுள் நம்பிக்கை இருக்கவில்லை, அவருடைய கடிதங்களிலேயே இருக்கிறது என்று அலுவலக நண்பர் அடிக்கடி சொல்கிறார். எனக்குப் பதில் தெரியவில்லை.

நண்பர் கடிதங்களைப் பற்றிக் கேள்விப்பட்டிருக்கிறார். படித்திருந்தால் இப்படிச் சொல்லமாட்டார்.

1946 செப்டம்பர் 10 அன்று டார்ஜிலிங் போகும் ரயிலில் அன்னைக்கு ஓர் அழைப்பு வந்தது: ஏழைகளிலும் ஏழைகளுக்காகக் கன்னியர் மடத்தை விட்டு வெளியே வா. அந்த மாதங்களில் அவருக்கு ஆண்டவரின் நெருக்கம் அவ்வளவு இனிமையாக இருந்தது. 1948-இல் கொல்கத்தாத் தெருவில் இறங்கினார். 1950-இல் அவருடைய சபை அங்கீகாரம் பெற்றது. வேலை தொடங்கிய அதே காலத்தில் அந்த இனிமை நின்றுபோனது. 1958-இல், மறைந்த போப் பன்னிரண்டாம் பத்திநாதருக்கான திருப்பலியின்போது ஓர் அடையாளம் கேட்டார். ஐந்து வாரம் போல இருள் விலகியது, பிறகு மூடிக்கொண்டது. 1997-இல் இறக்கும்வரை அவர் வாழ்ந்தது அந்த இருளுக்குள்தான்.

இதெல்லாம் அவர் ஆன்ம குருக்களுக்கு எழுதிய கடிதங்களில் இருக்கிறது. அவற்றை அழித்துவிடும்படி கேட்டுக்கொண்டார், அவர்கள் அழிக்கவில்லை. 2007-இல் நூலாக வந்தபோது உலகமே திடுக்கிட்டது. உங்கள் நண்பரும் அன்று திடுக்கிட்டவர்களில் ஒருவராக இருக்கலாம்.

அவரிடம் இரண்டு விஷயம் சொல்லுங்கள். ஒன்று, இல்லை என்று ஒருவர் முடிவு செய்துவிட்ட ஆளுக்கு யாரும் ஐம்பது வருஷம் ஏங்கிக் கடிதம் எழுதுவதில்லை. ஜோசப் நொய்னர் என்ற இயேசு சபைக் குரு 1961-இல் இதைத்தான் அன்னைக்கு எடுத்துச் சொன்னார். ஏக்கம் இருக்கிறதே, அதுவே ஆண்டவர் மறைவாக உள்ளே இருப்பதன் அடையாளம். உணர்வது ஒன்றுதான் சாட்சி என்றில்லை. அதற்குப் பிறகு இருள் போகவில்லை. ஆனால் அதைச் சிலுவையில் கைவிடப்பட்டவராகக் கதறிய இயேசுவோடு பங்குபோடுவதாக ஏற்றுக்கொள்ள அன்னைக்கு வழி கிடைத்தது.

இரண்டாவது, 1942-இல், அந்த ரயில் பயணத்துக்கு நான்கு ஆண்டுகள் முன்பே, கடவுள் கேட்கும் எதையும் மறுப்பதில்லை என்று அவர் ரகசியமாக ஒரு வாக்குக் கொடுத்திருந்தார். நெருக்கம் மறைந்தது, வாக்கு மறையவில்லை. விடியற்காலையில் எழுந்து, திருப்பலி கண்டு, தொழுநோயாளியின் புண்ணைக் கழுவப் போனது அந்த வாக்கின் பேரில். விசுவாசம் என்றால் இதற்கு மேல் என்ன வேண்டும் என்று நண்பரிடம் கேட்டுப் பாருங்கள்.

சென்னை வாசகர், கல்லூரி மாணவர்: அப்படியானால் உணர்ச்சியே தவறா? எங்கள் வாலிபர் கூட்டத்தில் பாடும்போது எனக்கு உடம்பெல்லாம் சிலிர்க்கும்.

தவறே இல்லை, தம்பி. நன்றாகப் பாடு. லாசருவின் கல்லறை முன்னால் இயேசுவே அழுதார். சிலிர்ப்பு வந்தால் நன்றி சொல். வராத ஞாயிறன்றும் போ, அவ்வளவுதான்.

ஒரு செய்தி மட்டும் மனத்தில் வைத்துக்கொள். ஜான் வெஸ்லி 1738 மே 24 இரவு, லண்டனில் ஆல்டர்ஸ்கேட் தெருக் கூட்டமொன்றில், ஒன்பது மணிக்குக் கால் மணி முன்னதாகத் தம் இதயம் வெதுவெதுப்பானதை உணர்ந்தார். மெதடிஸ்ட் சபையார் இன்றும் கொண்டாடும் நாள் அது. ஆனால் நாட்குறிப்பில் அதே இரவைப் பற்றி அடுத்து அவர் எழுதியதை யாரும் அவ்வளவாகச் சொல்வதில்லை. கொஞ்ச நேரத்திலேயே, சந்தோஷத்தைக் காணோமே, இது விசுவாசமாக இருக்க முடியாது என்று சாத்தான் காதோரம் சொன்னானாம். மனச் சமாதானமும் பாவத்தின் மேல் வெற்றியும் விசுவாசத்தோடு வரும், பொங்கும் மகிழ்ச்சியைத் தேவன் சிலநேரம் தருவார், சிலநேரம் நிறுத்திவைப்பார் என்று அவர் அன்று கற்றுக்கொண்டார். பெயர்பெற்ற அந்த வெதுவெதுப்பு ஒரு ராத்திரிகூட முழுசாக நிற்கவில்லை. அதன் பிறகு அரை நூற்றாண்டுக்கு மேல் ஊர் ஊராகப் பிரசங்கித்தாரே, அது நின்றது.

ஊர் போட வேண்டாம் என்று கேட்டவர்: மூன்று மாதமாகத் தூக்கம் இல்லை. சாப்பாடு இறங்கவில்லை. ஜெபம் மட்டுமல்ல, பிள்ளையின் சிரிப்புகூட என்னைத் தொடவில்லை. இருந்து என்ன ஆகப்போகிறது என்று தோன்றுகிறது. விசுவாசத்தால் இதைத் தாண்டிவிடலாமா?

மற்றக் கடிதங்களையெல்லாம் ஓரம் வைத்துவிட்டு உங்களுக்கு எழுதுகிறேன். நீங்கள் சொல்வது ஆன்மிக வறட்சி மட்டும் அல்ல. இது உடம்பையும் மனத்தையும் பிடித்த நோயாக இருக்கலாம். இதற்கு வைத்தியம் உண்டு. இந்த வாரமே ஒரு மனநல மருத்துவரைப் பாருங்கள். இன்றே வீட்டில் ஒருவரிடம் நீங்கள் எனக்கு எழுதிய அந்தக் கடைசி வரியைச் சொல்லுங்கள். ராத்திரியில் அந்த எண்ணம் நெருக்கினால் 14416 என்ற எண்ணைக் கூப்பிடுங்கள். அது அரசின் இலவச மனநல உதவி எண். எந்த நேரமும் எடுப்பார்கள், தமிழில் பேசலாம்.

இதை நான் விசுவாசத்துக்குப் புறம்பாகச் சொல்லவில்லை. ஆன்மாவின் இருண்ட இரவைப் பற்றி எழுதிய சிலுவையின் யோவான், டொலேடோவில் இருட்டறை ஒன்றில் ஒன்பது மாதம் போல அடைபட்டுக் கிடந்தவர், 16-ஆம் நூற்றாண்டிலேயே வறட்சியையும் மனச்சோர்வு நோயையும் பிரித்துப் பார்க்கச் சொன்னார். வறட்சியில் இருப்பவருக்கு எதிலும் சுவை இராது. ஆனால் தேவனுக்கு உண்மையாக இல்லையோ என்ற தவிப்பு விடாது. நோயில் அந்தத் தவிப்பும் அடங்கிப்போகும். இரண்டும் சேர்ந்து வருவதும் உண்டு என்று எழுதுகிறார்.

எலியா வனாந்தரத்தில் சூரைச்செடியின் கீழ் விழுந்து, சாக வேண்டும் என்று கேட்டானே, அங்கே வந்த தூதன் பிரசங்கம் செய்தானா? தட்டி எழுப்பி அப்பமும் தண்ணீரும் கொடுத்தான். எலியா மறுபடி தூங்கினான். மறுபடி எழுப்பிச் சாப்பிடச் சொன்னான். பயணம் பெரியது என்பதுதான் அவன் சொன்ன காரணம். பரலோகமே முதலில் தூக்கத்தையும் சாப்பாட்டையும் பார்த்திருக்கிறது. மாத்திரை விழுங்குவது அவிசுவாசம் என்று யார் சொன்னாலும் கேட்காதீர்கள். ஜெபிக்க முடியாவிட்டால் விடுங்கள். உங்களுக்காக நாங்கள் ஜெபிக்கிறோம். டாக்டரைப் பார்த்துவிட்டு எனக்கு ஒரு வரி எழுதுங்கள். காத்திருப்பேன்.

தஞ்சாவூர் வாசகி: பாடற்குழுவில் பாடுகிறேன். மோட்சத்தைப் பற்றிய பாட்டில் என் குரல்தான் ஓங்கி இருக்கும். உள்ளே, மோட்சம் என்று ஒன்று இருக்கிறதா என்றே சந்தேகம்.

லிசியே தெரேசாள் என்ற இளம் கன்னியருக்கு இதே சந்தேகம் 1896 ஈஸ்டர் காலத்தில் வந்தது. அதற்குச் சில நாள் முன்புதான் காசநோயால் முதல்முதலாக இரத்தம் கக்கியிருந்தார். வயது 23. மோட்சம் என்ற நினைப்பே அதுவரை அவருக்கு இனிப்பாக இருந்தது; திடீரென்று ஒரு சுவர் எழும்பியது. அப்போதும் மோட்சத்தின் இன்பத்தைப் பற்றிக் கவிதை எழுதினார். மடத்துச் சகோதரிகள் படித்து, இவருக்கு என்ன ஆறுதல் என்று நினைத்தார்கள். நம்ப விரும்புவதையே பாடுகிறேன் என்று அவர் தம் குறிப்பில் எழுதிவைத்தார். விசுவாசப் பிரமாணத்தைத் தம் இரத்தத்தால் எழுதி நெஞ்சோடு வைத்துக்கொண்டார். 1897 செப்டம்பர் 30 அன்று அந்தச் சுவருக்கு முன்னாலேயே இறந்தார்.

நீங்கள் நம்ப விரும்புவதைப் பாடுங்கள், அம்மா. குரலைத் தாழ்த்த வேண்டாம். பக்கத்தில் நிற்பவருக்கும் அந்த ஞாயிறு ஒன்றும் தோன்றாமல் இருக்கலாம். அவர் உங்கள் குரலைப் பிடித்துக்கொண்டு நிற்கிறார்.

விருதுநகர் வாசகர்: ஜெபத்தில் தூங்கிவிடுகிறேன்.

அதே லிசியே தெரேசாள் வருஷக்கணக்காகத் தூங்கினார். பிள்ளை விழித்திருந்தாலும் தூங்கினாலும் பெற்றவர்களுக்குப் பிரியம்தானே என்று தேற்றிக்கொண்டார். நீங்களும் தேற்றிக்கொள்ளுங்கள். ஆனால் ராத்திரி ஒரு மணிவரை செல்போன் பார்ப்பவராக இருந்தால், அதற்குத் தெரேசாளைத் துணைக்குக் கூப்பிடாதீர்கள்.

மதுரை வாசகி: இது எத்தனை நாள்?

சிலருக்கு வாரம். அன்னை தெரசாவுக்கு ஏறக்குறைய அரை நூற்றாண்டு. என் தாயார் இறந்தபின் எனக்கு மூன்று வருஷம். அம்மா ராத்திரி எட்டு மணிக்கு ஒரு சங்கீதம் வாசிப்பார்கள். அவர்கள் இடத்தில் உட்கார்ந்து நானும் வாசித்தேன், பழைய செய்தித்தாள் வாசிப்பது போல. திரும்பி வந்தது கோவிலில் அல்ல. ஒரு நாள் சாயங்காலம் அரிசி களைந்துகொண்டிருந்தேன், காரணம் எதுவும் இல்லாமல் நெஞ்சு நிறைந்துவிட்டது. அதை வரவைக்க நான் ஒன்றும் செய்யவில்லை. எட்டு மணிக்கு உட்கார்ந்தேன், அவ்வளவுதான். உங்களுக்கும் அதைத்தான் சொல்வேன்: நேரத்தைக் குறையுங்கள், ஆனால் விடாதீர்கள். சொந்தச் சொல் வராவிட்டால் கர்த்தருடைய ஜெபம் இருக்கிறது, சங்கீதப் புத்தகம் இருக்கிறது. எழுந்துவிட வேண்டும் போல இருக்கும் நாளில், வைத்த நேரத்துக்கு மேல் ஒரு நிமிஷம் கூட இருங்கள். இதுவும் இஞ்ஞாசியாரிடம் கற்றதுதான்.

மணப்பாடு வாசகி: எனக்கு 74 வயது. கடலுக்குப் போன என் வீட்டுக்காரர் திரும்பாத வருஷத்திலிருந்து, நாற்பது வருஷமாகத் தினமும் சாயங்காலம் செபமாலை சொல்கிறேன். ஒரு நாளும் உடம்பு சிலிர்த்ததில்லை. ஒரு காட்சி கண்டதில்லை. சாட்சி சொல்கிறவர்களைப் பார்த்தால் எனக்குக் குறையாக இருக்கிறது. என் செபம் எங்கேயாவது போய்ச் சேர்கிறதா?

போய்ச் சேர்கிறது, அம்மா. நாற்பது வருஷம் என்றால் பதினாலாயிரம் சாயங்காலத்துக்கு மேல். அதில் ஒன்றில்கூட எந்த உணர்வும் வந்து உங்களைத் தூக்கிக்கொண்டு போகவில்லை. எல்லாம் நீங்களே நடந்து போனவை.

உங்களிடம் ஓர் உதவி கேட்கலாமா? பாளையங்கோட்டையில் ஒரு சகோதரி எட்டு மாதமாகச் சுவரோடு பேசுகிறார். நாளைச் சாயங்காலம் செபமாலையில் ஒரு பத்து மணி அவருக்காகச் சொல்லுங்கள். பெயர் வேண்டாம், ஊர் போதும்.